லோன் கொம்பனியின்ர டேட்டா களவு போய், அதை வச்சு மனுசியிட்ட தவணைக் காசை அடிச்சிட்டாங்கள். சட்டப்படி என்ன செய்யலாம்?

வட்டக்கச்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டுத்தான், பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

நான் கிளிநொச்சிப் பக்கம். இந்திய வீட்டுத்திட்டத்தில அஞ்சரை லட்சம் தந்து கட்டின வீடு எங்கட, பிள்ளையள் வளர இடம் காணாதெண்டு பின்பக்கம் ரெண்டு அறை இழுக்க ஒரு பைனான்ஸ் கொம்பனியில காணியை ஈடு வச்சு லோன் எடுத்தனான். கொம்பனியின்ர பேர் இதில போடேல்ல, கேக்காதேங்கோ. மாசத் தவணை 27,416 ரூபா 50 சதம். ஒரு மாசமும் பிந்தினதில்லை.

போன மாசம் 14ஆம் திகதி காலமை நான் வேலைக்குப் போயிட்டன், மனுசி பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வந்து முற்றம் கூட்டிக்கொண்டு நிக்கேக்க கோல் ஒண்டு வந்திருக்கு. கொழும்புத் தமிழ், மரியாதையான கதை, "மெடம் மெடம்" எண்டு. என்ர முழுப்பேர், ஐடி நம்பர், லோன் அக்ரிமென்ற் நம்பர், பிணை வச்ச ரெண்டு பேரின்ர பேர், தவணைக் காசு சதம் பிசகாமல் 27,416.50 எண்டு எல்லாம் சொல்லியிருக்கிறான். "சிஸ்டம் மாத்துறம், இந்த மாசத் தவணையை மட்டும் இந்தப் புதுக் கணக்கில போடுங்கோ, 18க்கு முந்திப் போடாட்டி லேற் சார்ஜ் விழும்" எண்டு. மனுசி படிச்ச ஆள்தான், ஆனா சதக் கணக்கெல்லாம் சரியாச் சொல்லேக்க ஆர்தான் சந்தேகப்படுவினம். டவுணுக்குப் போய் வங்கியின்ர காசு போடுற மெசினில போட்டிட்டு வந்திருக்கிறா. மெசின் சில்லறை எடுக்காதெண்டு 27,500. மிச்சம் அடுத்த மாசம் கழிப்பினம் எண்டு வேற சந்தோசம்.

25ஆம் திகதி கொம்பனியிட்ட இருந்து மெசேச் வருது. "எமது வாடிக்கையாளர்களின் சில தகவல்கள் அனுமதியற்ற தரப்பினரால் அணுகப்பட்டிருக்கலாம், விழிப்பாக இருக்கவும்." 14இல காசு போச்சு, 25இல விழிப்பா இருக்கட்டாம். 28இல தவணை கட்டேல்ல எண்டு பிராஞ்சால கோல். இப்ப அந்த 27,416.50உம் கட்டோணும், அதுக்கு மேல தண்டவட்டியும் போட்டிருக்கினம்.

பிராஞ்சில கேட்டா "ஹெட் ஒபிஸ் பாக்குது அண்ணை" எண்டினம். அதுக்கு மேல கதையில்லை.

காசை விட எனக்கு வேற பயம். அவையளிட்ட காணி உறுதியின்ர கொப்பி, அதுக்கு முந்தின அப்பாவின்ர பழைய உறுதி, பிளான், ஐடி, சம்பளத் துண்டு எல்லாம் ஸ்கான் பண்ணி இருக்கு. அந்தப் பழைய உறுதி அம்மா இடுப்பில சேலைத் துண்டால கட்டிக்கொண்டு மாத்தளன் மட்டும் கொண்டுபோய், பிறகு மெனிக் பாமில தறப்பாளுக்குள்ள காய வச்சு எடுத்தது. ஓரம் முழுக்க உப்புத்தண்ணிக் கறை. அப்பிடிக் காப்பாத்தின பேப்பர் இப்ப எவன்ர கொம்பியூட்டரில கிடக்கோ தெரியேல்ல. அதை வச்சுக் காணியை வித்துப்போடுவாங்களோ? கோட்டுக்குப் போனா ஏதும் கிடைக்குமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

குளக்கட்டு:

அண்ணை, சட்டத்தைப் பிறகு பாப்பம். முதல்ல மனுசி காசு போட்ட வங்கிக்குப் போய் அந்தத் துண்டைக் காட்டி "ஏமாத்துக் கணக்கு" எண்டு எழுத்தில குடுங்கோ, போனில சொல்லிப் பிரயோசனமில்லை. காசு அந்தக் கணக்கில இன்னும் கிடக்கும் எண்டு நம்பிக்கை வைக்காதேங்கோ, அவங்கள் அரை மணித்தியாலத்தில எடுத்திடுவாங்கள், ஆனா அந்தக் கணக்கு ஆற்ற ஐடியில திறந்தது எண்டு வங்கிக்குத் தெரியும், பொலிஸ் கேட்டா அது வரும். கனக்கத் தரம் அந்தக் கணக்குக்காரனும் ஒரு ரெண்டாயிரத்துக்குத் தன்ர காட்டைக் குடுத்த ஏழையாத்தான் இருப்பான், அது வேற கதை.

பிறகு பொலிஸ் முறைப்பாடு. தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்கோ, வடக்கு கிழக்கில தமிழ் நிருவாக மொழி எண்டு அரசியலமைப்பிலயே இருக்கு. சிங்களத்தில எழுதி "கையெழுத்துப் போடு" எண்டா என்ன எழுதியிருக்கெண்டு வாசிப்பிக்காமல் போடாதேங்கோ. என்ர முறைப்பாடு ஒண்டில "மோட்டார் சைக்கிள் களவு போனது" எண்டதை "தொலைத்துவிட்டார்" எண்டு எழுதி நான் பட்ட பாடு.

துண்டு, கோல் வந்த நம்பர், அந்த 25ஆம் திகதி மெசேச் எல்லாத்தையும் ஸ்கிறீன்சொட் எடுத்து வையுங்கோ. மெசேச்சை அழிச்சுப்போடாதேங்கோ. மெசின் துண்டை இண்டைக்கே போட்டோக் கொப்பி அடியுங்கோ, அந்தக் கடதாசியில எழுத்து ஆறு மாசத்தில மறைஞ்சிடும்.

ஏ9 பஸ்காரன்:

ஒண்டும் நடக்காது. இருவத்தேழாயிரத்துக்கு லோயருக்கு எவ்வளவு குடுக்கப்போறியள்? கொம்பனிக்காரன் கொழும்பில இருந்து கறுப்புக் கோட்டு பத்துப் பேரைக் கொண்டுவருவான். தவணையைக் கட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோ.

கறுப்புக்கோட்டு:

பத்துப் பேர் வரமாட்டினம், ஒரு ஆள்தான் வருவார், அவரும் தவணை கேப்பார் :) நான் வவுனியாவில பிராக்டிஸ் பண்றன். இது பொதுவான விளக்கம்தான், உங்கட பேப்பரைப் பாக்காமல் முடிவு சொல்லேலாது.

தம்பி, உங்கட கதையில மூண்டு விசயம் ஒண்டோடொண்டு சிக்குப்பட்டுக் கிடக்கு, பிரிச்சுப் பாக்கோணும்.

முதலாவது தவணை. இதில கவலையான பதில்தான். நீங்கள் கடன் பட்டது கொம்பனிக்கு, காசு போனது வேற ஒருத்தனுக்கு. அதால தவணை தீரேல்ல. கோவத்தில அடுத்த தவணையளையும் நிப்பாட்டிப்போடாதேங்கோ, அப்ப பிழை உங்கட பக்கம் போயிடும், கிறிப்பிலயும் (கடன் தகவல் பணியகம்) விழும். கட்டுங்கோ, ஆனா "என்னுடைய உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" எண்டு ஒரு வசனம் எழுதிக் கடிதம் குடுத்து, கொப்பியில சீல் வாங்கி வச்சுக்கொண்டு கட்டுங்கோ. அந்த ஒரு வசனம் இல்லாமல் கட்டினவை "நீரே ஏற்றுக்கொண்டு கட்டினீர்தானே" எண்டு கோட்டில கேள்வி வாங்கினதை நான் பாத்திருக்கிறன்.

ரெண்டாவது நட்டஈடு. எங்கட நாட்டில ரோமன் டச்சுச் சட்டப்படி கவலையீனத்தால நட்டம் வந்தா நட்டஈட்டு வழக்குப் போடலாம். மூண்டு காட்டோணும்: அவைக்கு உங்கட விசயத்தைக் கவனமா வச்சிருக்கிற கடமை இருந்தது, அந்தக் கவனம் இருக்கேல்ல, அதாலதான் உங்களுக்கு நட்டம் வந்தது. முதலாவது கஷ்டமில்லை. 2023இல மத்திய வங்கி கொண்டுவந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதியில வாடிக்கையாளரின்ர தகவலைப் பாதுகாக்க வேணும் எண்டு இருக்கு, அது வங்கிக்கும் பைனான்ஸ் கொம்பனிக்கும் பொருந்தும். கஷ்டம் மூண்டாவதுதான். "எங்களிட்ட இருந்துதான் போனதெண்டு எப்பிடித் தெரியும்? பேஸ்புக்கில இருந்து எடுத்திருப்பான்" எண்டுவினம். அதுக்கு உங்கட பதில் அந்த 50 சதம். உங்கட தவணை 27,416.50 எண்டதும் அக்ரிமென்ற் நம்பரும் பிணைகாரரின்ர பேரும் ஒண்டா வேற எங்க இருக்கு? உங்கட பைலில மட்டும்தான். மனுசி அந்தக் கோலில என்னென்ன சொன்னவன் எண்டதை, மறக்க முந்தி, இண்டைக்கே தன்ர கையெழுத்தில திகதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கோ.

இன்னொண்டு, ஒருத்தரும் இதில கவனிக்கேல்ல. 14இல காசு போச்சு, 25இல மெசேச் வந்தது எண்டுறியள். களவு போனது கொம்பனிக்கு எப்ப தெரியும்? 24இல தெரிஞ்சு 25இல சொல்லியிருந்தா ஒரு மாதிரி. மாச முதலிலயே தெரிஞ்சு மூடி வச்சிருந்தா அது வேற வழக்கு. "நேரத்துக்குச் சொல்லியிருந்தா என்ர மனுசி காசு போட்டிருக்க மாட்டா" எண்டதுக்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது. ஹெட் ஒபிசுக்குப் பதிவுத் தபாலில ஒரு கடிதம் போடுங்கோ: எண்டைக்குத் தெரியவந்தது, என்ர எந்தெந்தத் தகவல் போனது, தண்டவட்டியை நிப்பாட்டுங்கோ, பதில் எழுத்தில தாங்கோ. நாலு வரி காணும். சாபம் போடுறதெல்லாம் எழுதவேண்டாம்.

அவையின்ர பதில் திருப்தியில்லாட்டி மத்திய வங்கியின்ர நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935க்கு அடிக்கலாம். நேர அங்க போனா "முதல்ல கொம்பனிக்கு முறையிட்டியோ" எண்டுதான் கேப்பினம், அதாலதான் கடிதத்தை முதல் சொன்னனான். மத்திய வங்கியின்ர பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலயே இருக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, கனபேருக்கு அது தெரியாது. நிதியியல் குறைகேள் அதிகாரி எண்டும் ஒராள் இருக்கிறார், அவரிட்டயும் போகலாம். இந்த ரெண்டுக்கும் லோயர் தேவையில்லை, பஸ்காரன் அண்ணை கவனிக்கோணும்.

கோட்டுக்கு எண்டா, சின்னத் தொகைக்குப் பொதுவா முதல் மத்தியஸ்த சபை. 1988இன்ர சட்டம். சனி ஞாயிறில பள்ளிக்கூடத்தில வாங்கு போட்டு இருப்பினம். கொம்பனி வராட்டி அல்லது இணங்காட்டி சான்றிதழ் தருவினம், அதோட மாவட்ட நீதிமன்றம். வழக்கைக் கொழும்பில போடத் தேவையில்லை, ஒப்பந்தம் கிளிநொச்சியில கையெழுத்து வச்சதெண்டா, நட்டம் வந்ததும் அங்கதானெண்டா கிளிநொச்சியிலயே போடலாம். ஆனா அக்ரிமென்றின்ர கடைசிப் பக்கங்களில பொடி எழுத்தில "பிணக்குகள் நடுத்தீர்ப்புக்கு" எண்டு ஒரு பந்தி இருக்கோ பாருங்கோ, இருந்தா கோட்டுக்குப் பதிலா நடுவர் ஒருத்தரிட்டப் போகவேண்டி வரும், பாதை மாறும். காலக்கெடுவும் கவனம்: கவலையீன நட்டத்துக்கு ரெண்டு வருசம், எழுத்து ஒப்பந்தத்தை மீறினதெண்டு போட்டா ஆறு வருசம். 1871இன்ர காலவிதிப்புச் சட்டம், இண்டைக்கும் அதுதான்.

மூண்டாவது காணி. அது வேற போஸ்ட்டில எழுதுறன், கோட்டுக்கு நேரமாச்சு.

புதுக்குடியிருப்பு அக்கா:

நான் இதில இன்னொரு பக்கம் கேக்கோணும். என்ர தங்கச்சியின்ர மனுசன் எடுத்த லோனுக்கு நான் ஆள்பிணை. லோன் எடுத்தவைக்கு மெசேச் வந்ததாம், எனக்கு வரேல்ல. என்ர ஐடியும் என்ர ரீச்சர் சம்பளத் துண்டும் அங்கதானே கிடக்கு? இப்ப ரெண்டு கிழமையா எனக்கும் கோல் வருது, "அக்கா உங்கட பிணையை விடுவிக்க ஓடீபி ஒண்டு வரும் சொல்லுங்கோ" எண்டு. நான் ஓடீபி சொல்லேல்ல, "தம்பி உனக்கு அம்மா இருக்கிறாவோ" எண்டு கேட்டன், வச்சிட்டான்.

இஞ்ச நுண்கடன் குறூப்பில இருக்கிற பொம்பிளையளைப் பாருங்கோ, ஒரு ஆளின்ர கடனுக்கு மற்ற நாலு பேரின்ர ஐடி, ஒவ்வொரு ஆளும் மூண்டு கொம்பனியில. ஒரு கொம்பனியில ஓட்டை விழுந்தா ஒரு ஊரின்ர பெண்டுகள் முழுக்க வெளியில. கடன் எடுத்தவைக்கு மட்டும் சட்டமோ, பிணை நிண்டவைக்கும் ஏதும் இருக்கோ?

கறுப்புக்கோட்டு:

அக்கா நல்ல கேள்வி. சட்டம் "கடன் எடுத்தவர்" எண்டு பாக்கிறதில்லை, தகவல் ஆற்றையோ அவர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில நீங்களும் உரிமையுள்ள ஆள்தான், பிணைகாரி எண்டாலும். தரவு மீறப்பட்டா தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கோணும் எண்டும் அதில இருக்கு, பிழை விட்டா ஒரு தவறுக்கு ஒரு கோடி ரூபா வரைக்கும் தண்டம் போடலாம். கேக்க நல்லா இருக்கு. ஆனா இந்தச் சட்டம் பகுதி பகுதியா அமுலுக்கு வாறது. அதிகாரசபை அமைக்கிற பகுதி 2023இல வந்தது, கொம்பனிகளின்ர கடமையள் 2025 மார்ச் 18இல தொடங்கும் எண்டிருந்ததைப் பின்போட்டு, பிறகு அதே வருசம் திருத்தச் சட்டமும் கொண்டுவந்தவை. அதால உங்கட சம்பவம் நடந்த நாளில எந்தப் பிரிவு அமுலில இருந்ததெண்டு வர்த்தமானியைப் பாத்துத்தான் வாதாடலாம். தண்டம் எண்டது அரசாங்கத்துக்குப் போற காசு, எங்கட கைக்கு வாறதில்லை, அதையும் நினைவில வையுங்கோ.

களவெடுத்தவனுக்கு 2007இன்ர கணினிக் குற்றச் சட்டம் இருக்கு. அனுமதியில்லாமல் உள்ளுக்குப் போனதுக்கே அஞ்சு வருசம் வரைக்கும் மறியல். பிடிபட்டாத்தானே எண்டுவியள், ஓம். ஆனா அந்தச் சட்டத்தின்ர பேரைச் சொல்லி முறைப்பாடு குடுத்தா பொலிஸ் அதைக் குடும்பச் சண்டைப் புத்தகத்தில எழுதாது.

இப்ப காணி. வட்டக்கச்சித் தம்பி, பயப்படாதேங்கோ. உறுதியின்ர கொப்பியை வச்சு ஆரும் காணி விக்கேலாது. காணி கைமாற நொத்தாரிசுக்கு முன்னால, ரெண்டு சாட்சியோட, எழுதினவர் நேர வந்து கையெழுத்து வைக்கோணும், 1840இல இருந்து அதுதான் சட்டம். ஆள்மாறாட்டம் செய்து கள்ள உறுதி முடிக்கிறவங்கள் இல்லாமல் இல்லை, அதுக்கு உங்கட ஐடிக் கொப்பியும் உறுதிக் கொப்பியும் உதவும்தான். ஆனா உங்களுக்கு இப்ப ஒரு காவல் இருக்கு, அது என்ன தெரியுமோ, நீங்கள் திட்டுற அந்த ஈடுதான். ஈட்டு உறுதி காணிப் பதிவகத்தில உங்கட காணியின்ர பதிவுப் பக்கத்தில விழுந்திருக்கு. வாங்க வாற எவனும் நொத்தாரிசை விட்டுத் தேடினா முதல் கண்ணில படுறது "இது ஈட்டில கிடக்கு" எண்டது. மூல உறுதியும் கொம்பனியின்ர பெட்டகத்தில. அதால ஆபத்தான நேரம் இப்ப இல்லை, கடன் முடிஞ்ச அண்டைக்குத்தான். அண்டைக்கு மூல உறுதியைக் கையில வாங்கி, ஈட்டை மீட்ட பத்திரத்தையும் பதிஞ்சிட்டு, விருப்பமெண்டா பதிவகத்தில ஒரு கேவியற் போட்டு வையுங்கோ. அதுக்குப் பிறகு அந்தக் காணியில ஏதும் பத்திரம் பதிய வந்தா உங்களுக்கு அறிவித்தல் வரும்.

பேர்மிட் காணிக்காரர் (அரசாங்க அனுமதிப்பத்திரத்தில காணி வச்சிருக்கிறவை) இன்னும் பாதுகாப்பு. பிரதேச செயலாளர் ஒப்புதல் இல்லாமல் அதை ஈடு வைக்கவே ஏலாது. அதுக்காகவே எங்கட சனத்துக்கு லோன் கிடைக்கிறதில்லை எண்டு ஏச்சும் வாங்குற பேர்மிட், இதில ஒரு நன்மை.

ஐடிதான் கவலை. பாஸ்வேட் எண்டா மாத்தலாம், ஐடி நம்பரை மாத்தேலாது. அதுக்குள்ளயே பிறந்த வருசமும் நாளும் கிடக்கு, பொம்பிளையள் எண்டா நாளோட 500 கூட்டியிருக்கும். எங்கட வங்கியள் போனில "பிறந்த திகதி சொல்லுங்கோ" எண்டு கேட்டு ஆளை உறுதிப்படுத்திறது எவ்வளவு பெரிய பகிடி எண்டு யோசியுங்கோ. வருசத்துக்கொருக்கா கிறிப் அறிக்கை எடுத்துப் பாருங்கோ, உங்கட பேரில வேற லோன் ஏதும் கிடக்கோ எண்டு. அக்கா நீங்களும்.

ஸ்காபரோ சித்தப்பா:

இஞ்ச கனடாவில உதுக்கு கிளாஸ் அக்சன் எண்டு எல்லாரும் சேந்து ஒரு வழக்காப் போடுவினம். கியூபெக்கில டெசார்டான் எண்டு பெரிய கூட்டுறவு நிதி நிறுவனம், வீட்டுக்கடனெல்லாம் குடுக்கிறது, 2019இல அவையின்ர டேட்டா வெளியில போச்சு. வெளியில இருந்து ஒருத்தனும் ஹக் பண்ணேல்ல, உள்ளுக்கு வேலை செய்த ஒருத்தர்தான் 26 மாசமா எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். முதல் 29 லட்சம் பேர் எண்டிச்சினம், கடைசியில 97 லட்சம். 2022இல 20 கோடி டொலருக்குக் கிட்ட வரைக்கும் குடுக்கிறதுக்கு உடன்பாடு. அமெரிக்காவில மிஸ்டர் கூப்பர் எண்ட மோர்கேஜ் கொம்பனி, 2023 ஒக்டோபர், ஒரு கோடி 47 லட்சம் பேர், வழக்குக்கு மேல வழக்கு. நீங்களும் அங்க ஊர் ஊராச் சேந்து போடுங்கோவன், ஆளுக்கு ஒரு அஞ்சு லட்சம் கிடைச்சாலும் நல்லம்தானே.

ஏ9 பஸ்காரன்:

சித்தப்பா 20 கோடியை 97 லட்சத்தால பிரிச்சுப் பாத்தனியளோ?

ஸ்காபரோ சித்தப்பா:

பாத்தன் தம்பி, இப்பதான் பாத்தன். ஆளுக்கு இருவது டொலர் வருது. கேட்டு எழுதினவைக்கு மெனக்கெட்ட நேரத்துக்கு 90 டொலர் வரைக்கும், பேரைக் களவெடுத்து மோசடி நடந்தவைக்கு 1,000 டொலர் வரைக்கும் எண்டு இருந்தது. அஞ்சு லட்சம் எண்டதை வாபஸ் வாங்குறன்.

கறுப்புக்கோட்டு:

சித்தப்பா சொன்னதில ஒரு விசயம் பிடிக்கோணும், 90உம் 1,000உம். டேட்டா போச்சு, அவ்வளவுதான் எண்டவருக்குச் சின்னக் காசு, அதால உண்மையா நட்டப்பட்டவருக்குக் கூடின காசு. உலகம் முழுக்க இப்ப இந்தக் கோடுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல ஒரு கடன் தகவல் கொம்பனியின்ர வழக்கில, 8,185 பேரில பிழையான அறிக்கை வெளியாருக்குப் போன 1,853 பேருக்கு மட்டும்தான் வழக்காட உரிமை, பைலுக்குள்ள பிழை சும்மா கிடந்த மற்றவைக்கு இல்லை எண்டது. அதே வருசம் இங்கிலாந்து உச்ச நீதிமன்றமும் கூகிளுக்கு எதிரான வழக்கொண்டில, ஒவ்வொருத்தருக்கும் என்ன நட்டம் எண்டு காட்டாமல் எல்லாருக்குமாச் சேத்து நட்டஈடு கேக்கேலாது எண்டிட்டுது. எங்கட கோட்டை அந்தத் தீர்ப்புகள் கட்டாது, ஆனா கொம்பனியின்ர லோயர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்.

கிளாஸ் அக்சன் அமெரிக்கா மாதிரி எங்களிட்ட இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்ர 16ஆம் பிரிவில, கனபேருக்கு ஒரே நலன் எண்டா கோட்டின்ர அனுமதியோட ஒருத்தர் மற்றவைக்காகவும் வழக்காடலாம். "எண்டைக்குத் தெரிஞ்சும் சொல்லேல்ல" எண்டது எல்லாருக்கும் பொது, அதுக்குச் சரி. ஆனா நட்டம் ஆளுக்காள் வேற, அங்க சிக்கும். என்னைக் கேட்டா பத்துப் பேர் தனித்தனியா மத்திய வங்கிக்கு எழுதி, பத்துக் கடிதமும் ஒரே கிழமையில போய்ச் சேந்தா, அது ஒரு வழக்கை விடக் கெதியா வேலை செய்யும்.

பஸ்காரன் அண்ணைக்கு ஒரு பதில் மிச்சம் இருக்கு. 27,500க்குக் கோட்டுக்குப் போறது கட்டாதுதான், அதில நீங்கள் சரி. அதாலதான் கடிதத்தை இவ்வளவு இழுத்துச் சொன்னனான்.

வட்டக்கச்சியான்:

எல்லாருக்கும் நன்றி, ஒரு மாசத்துக்குப் பிறகு வாறன், நடந்ததைச் சொல்லோணும்.

லோயர் அக்கா சொன்ன மாதிரி ஹெட் ஒபிசுக்குப் பதிவுத் தபால் போட்டனான். கடிதம் என்ர மூத்தவள்தான் எழுதினவள், ஏலெவல் படிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்து "அப்பா, 'நாசமாப் போவியள்' எண்டதை விடுறன்" எண்டு தானே வெட்டிப்போட்டாள். தவணையை ஆட்சேபத்தோட கட்டினனான், பிராஞ்சில இருக்கிற பிள்ளை அந்தக் கடிதத்துக்குச் சீல் வைக்கப் பயந்து மனேச்சரிட்டப் போய், மனேச்சர் கொழும்புக்குப் போன் அடிச்சு, முக்கால் மணித்தியாலம் நிண்டு வாங்கினன்.

மூண்டு கிழமை பதில் இல்லை. 1935க்கு அடிச்சன், தமிழில கதைச்சவை, கொம்பனிக்குப் போட்ட கடிதத்தின்ர கொப்பியும் தபால் பற்றுச்சீட்டும் அனுப்பச் சொன்னவை. கிளிநொச்சி ஒபிசிலயே குடுத்தன். எட்டாம் நாள் கொம்பனியிட்ட இருந்து கடிதம். ரெண்டு பக்கம், பாதுகாப்புக்கு நாங்கள் அதிக முக்கியத்துவம் குடுக்கிறம் எண்டு ஒண்டரைப் பக்கம். கடைசிக்கு முதல் பந்தியில, சத்தமில்லாமல், "இச்சம்பவம் 3ஆம் திகதி எமது கவனத்துக்கு வந்ததைத் தொடர்ந்து" எண்டு இருக்கு.

3ஆம் திகதி. மனுசி காசு போட்டது 14. எங்களுக்கு மெசேச் வந்தது 25. மனுசி அந்தக் கடிதத்தை வாங்கிப் படலைக்குப் பக்கத்தில நிண்டே வாசிச்சா. இவ்வளவு நாளும் தான்தான் ஏமாந்தவ எண்டு ஒருத்தருக்கும் முகம் குடுத்துக் கதைக்காமல் இருந்தவ. "பதினொரு நாள் தெரிஞ்சுகொண்டு இருந்திருக்கிறாங்கள்" எண்டா, அவ்வளவுதான், உள்ளுக்குப் போயிட்டா. அண்டைக்கு இரவுதான் கனநாளைக்குப் பிறகு ஒழுங்காச் சாப்பிட்டவ.

தண்டவட்டியை நீக்கிட்டினம். 27,500 பற்றி "நல்லெண்ண அடிப்படையில் பரிசீலிக்கிறோம்" எண்டு எழுதியிருக்கினம், அதோட ஒரு பத்திரமும், இதில கையெழுத்து வச்சா மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை எண்டு. வைக்கலாமோ லோயர் அக்கா?

கறுப்புக்கோட்டு:

வைக்காதேங்கோ தம்பி, இப்ப வேண்டாம். அந்தப் பத்திரத்தில எவ்வளவு தருவினம் எண்டு தொகை எழுதியிருக்கோ? இல்லாட்டி அது வெற்றுத்தாளில கையெழுத்து மாதிரி. தொகை, எத்தினை நாளுக்குள்ள, கிறிப்பில பிந்தினதெண்டு பதிஞ்சிருந்தா அதைத் திருத்தித் தருவினமோ, இந்த மூண்டும் எழுத்தில வந்தாப் பிறகு பாப்பம். "மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும்" எண்டதுக்குப் பதிலா "இந்த 27,500 தொடர்பாக மட்டும்" எண்டு மாத்தித் தரச் சொல்லுங்கோ. உங்கட ஐடியும் உறுதிக் கொப்பியும் இன்னும் வெளியில சுத்துது, நாளைக்கு அதால வேற ஏதும் வந்தா அந்தக் கதவை இண்டைக்கே பூட்டக்கூடாது. அந்த 3ஆம் திகதிக் கடிதத்தின்ர மூலத்தை ஆருக்கும் குடுக்காதேங்கோ, கொப்பி மட்டும்.

புதுக்குடியிருப்பு அக்கா:

தம்பி, உங்கட மகள் எழுதின கடிதத்தைப் பேர் நம்பர் மறைச்சுப்போட்டு இதில போடச் சொல்லுங்கோ. எங்கட குறூப்பில ஒம்பது பேர் இருக்கிறம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னால கூடேக்க எல்லாரும் பாத்து எழுதுவம். பதிவுத் தபால் காசு நான் குடுக்கிறன்.

வட்டக்கச்சியான்:

இரவைக்குப் போடுறன் அக்கா. வெட்டின வசனமும் வேணுமோ எண்டு மகள் கேக்கிறாள்.

புதுக்குடியிருப்பு அக்கா:

வேணும், அதை நாங்கள் தபால் பெட்டிக்குள்ள போடேக்க வாயால சொல்லுவம்.